கூடுதலாக ஊற்றியது

பானையைத் திறந்து ஒரு மணி நேரமாகியும் கட்டைகள் ஆறவில்லை.

ரெசின் என்றால் சூடாகத்தான் செய்யும். தேன் மாதிரி இருக்கும் திரவத்தில் கெட்டிப்படுத்தும் மருந்தைக் கலந்த கொஞ்ச நேரத்தில் அது தானாகவே சூடேறி, கண்ணாடியாக இறுகி, பிறகு ஆறிவிடும். பேனாக் கட்டை வார்க்கிற எவருக்கும் பழகிப்போன விஷயம் இது. ஆனால் அச்சில் ஊற்றி, காற்றழுத்தப் பானைக்குள் வைத்துத் திருகி, முழுசாக இரண்டு நாள் கழித்து எடுத்த கட்டையில் சூடு மிச்சம் இருக்கக் கூடாது. வெளியே காலையிலிருந்து மழை. தகரக் கூரையின் மேல் அது விடாமல் பொரிந்துகொண்டிருந்தது. லேத்தின் இரும்பு தொட்டால் சில்லிட்டது. சுவரில் மாட்டியிருந்த உளிகள்கூட ஈரம் பூத்திருந்தன. மேசைமேல் வரிசையாகக் கிடந்த ஏழு கறுப்புக் கட்டைகள் மட்டும் வெதுவெதுவென்று இருந்தன. தூங்குகிறவர் கையைப் பிடித்தால் இருக்குமே, அந்தச் சூடு.

அவள் ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுச் சட்டென்று கீழே வைத்தாள். வைத்த பிறகு தன் மேலேயே எரிச்சல் வந்தது. பதினொரு வருஷமாக இதே மேசையில், காய்ந்த பூ, பழைய கடிகாரச் சக்கரம், செத்துப்போன நாயின் முடி, இடித்த வீட்டின் செங்கல் தூள் என்று ஜனங்கள் கொண்டுவந்து கொடுத்ததையெல்லாம் ரெசினில் புதைத்துப் பேனாவாகக் கடைந்து கொடுத்தவள் அவள். கட்டை சூடாக இருக்கிறதென்று பயப்படுகிற ஆளா?

பயத்தைவிட அவளுக்குக் கோபம் சுலபமாக வரும். அந்த வாரம் முழுவதும் அவள் கோபத்தில்தான் இருந்தாள்.

காரணம், அந்தத் திங்கட்கிழமை குடையை மடக்கிக்கொண்டு பட்டறை வாசலில் வந்து நின்ற ஒரு அம்மாள். கழுத்தில் அடையாள அட்டை, மூக்குக் கண்ணாடிக்கு ஒரு சங்கிலி, கையில் ஒரு பிஸ்கட் டப்பா. தொழிற்சாலை அலுவலகத்தில் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறதாம். மேனேஜர் வெள்ளிக்கிழமை ஓய்வு பெறுகிறாராம். தகடு அடிக்கும் பழைய பிரஸ்ஸை அறுத்து இரும்புக் கடைக்குப் போட்டாயிற்றாம். மேனேஜர் அந்த மெஷினுக்கு ஃபோர்மேனாகத்தான் வேலைக்கு வந்தாராம். அதன் அடியில் கூட்டி அள்ளிய துகளைப் போட்டு ஆறு பேனா செய்தால் அழகான நினைவாக இருக்குமென்று அவரே ஆசைப்பட்டாராம். ஒன்று அவருக்கு. மீதி ஐந்தும் பாதுகாப்புக் குழுவில் அவரோடு ஆரம்பத்திலிருந்து இருந்த ஐந்து பேருக்கு. பாவம், அந்த அம்மாளுக்கு ஒன்றும் தெரியாது. பெயர்ப்பலகையைப் பார்த்து உள்ளே வந்தவர். சிரித்த முகத்தோடு டப்பாவைத் திறந்து காட்டினார்.

உள்ளே இரும்புச் சுருள், பித்தளைத் தூள், எண்ணெய் பிசுக்கேறிய மண். நடுவில் பச்சைப் பெயின்ட் செதில்கள்.

அந்தப் பச்சை அவளுக்குத் தெரியும். அவள் கணவனின் சட்டைக் கையில் தினமும் ஒட்டிக்கொண்டு வந்த பச்சை. எத்தனை அடித்துத் துவைத்தாலும் போகாத பச்சை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அந்த பிரஸ்ஸில்தான் அவன் வலது கையை மணிக்கட்டோடு இழந்தான். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கண்ணே திறக்காமல் கிடந்து செத்துப்போனான்.

செத்ததோடு விட்டார்களா? பாதுகாப்புக் குழு என்று ஆறு பேர் உட்கார்ந்து ஒரு அறிக்கையில் எல்லாவற்றையும் பூசி மெழுகினார்கள். மெஷினின் தடுப்பு மூடியை நானே கழற்றினேன், தவறு என்னுடையதே என்று தொழிலாளி நினைவு திரும்பியபோது சொன்னானாம். அடியில் அவனுடைய பெருவிரல் ரேகை, நீல மையில். அந்த இரண்டு நாளும் அவன் கட்டிலை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தவள் அவள். நினைவாவது, திரும்பியதாவது! போதாததற்கு ரேகையின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. தகரம் கிழித்த தழும்பு. அது அவனுடைய வலது பெருவிரலில் இருந்த தழும்பு. வலது கை கிடைக்கவே இல்லை, மெஷினில் கூழாகிப் போய்விட்டது என்று அதே ஆறு பேர்தான் அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

அவளுக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும், அறிக்கையின் அடியில் ஏழாவதாக, 'மனைவி' என்று எழுதியிருந்த இடத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள். கொழுந்தன் பக்கத்தில் நின்றுகொண்டு, இழுத்துக்கொண்டு போனால் வருஷக்கணக்கில் ஆகும், போட்டுவிடுங்கள் அண்ணி என்றான். அந்த ஆறு பேரில் அவனும் ஒருவன். அவள் களைத்துப்போயிருந்தாள். போட்டுவிட்டாள். அதற்காகக் கம்பெனி கொடுத்ததில்தான் இந்த லேத் வந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும். அதை வைத்துத்தான் வயிற்றைக் கழுவவும் வேண்டியிருந்தது.

டப்பாவை அந்த அம்மாளின் முகத்தில் விட்டெறிந்திருக்கலாம். அவள் எறியவில்லை. செய்து தருகிறேன் என்றாள். அவன் ரத்தம் காய்ந்த மண்ணை அந்த ஆறு பேரும் சட்டைப் பையில் குத்திக்கொண்டு, நெஞ்சுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு அலையட்டும். தெரியாமலே சுமக்கட்டும். அந்த நினைப்பு அவளுக்குக் கொஞ்சம் குளிர்ச்சியாகக்கூட இருந்தது.

அன்று மத்தியானமே துகளைச் சலித்தாள். சல்லடையில் மஞ்சளாக ஒன்று தங்கியது. பித்தளை என்றுதான் முதலில் நினைத்தாள். விரல் நுனியில் எடுத்துத் துடைத்தபோது அது கறுக்காமல் மினுங்கியது. தங்கம்; காகிதம் போல நசுங்கிய தங்கம். ஓரத்தில் அவள் பெயரின் முதல் எழுத்தில் பாதி தெரிந்தது. கல்யாணத்துக்கு அவள்தான் அவன் மோதிரத்தின் உட்பக்கத்தில் அதை வெட்டச் சொன்னாள்.

வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடி விழுந்தது மணிக்கட்டில். கட்டு மாற்றும்போது அந்த மணிக்கட்டை அவள் பார்த்திருக்கிறாள், கத்தியால் வெட்டினாற்போல இருந்தது. மணிக்கட்டில் விழுந்த அடி விரலில் இருக்கும் மோதிரத்தை எப்படித் தகடாக்கும்? இரும்பும் பித்தளையும் பார்த்துப் பழகிய மூளை கணக்கைப் போட்டது. விடையைச் சொல்ல அவள் அதை விடவில்லை.

ரெசினுக்கு ஈரம் ஆகாது. துளி ஈரம் இருந்தாலும் நுரைத்துக் கட்டை கெட்டுவிடும். அதனால் துகளைச் சோடா மாவு போட்டுக் கழுவி, மின்சார அடுப்பில் ராத்திரி முழுக்கக் காயவைத்தாள். மறுநாள் கலந்து ஊற்றினாள். ஆறு கேட்டால் ஏழு ஊற்றுவது இந்தத் தொழிலில் வழக்கம். கடையும்போது ஒன்று சிதறிப்போனால் மாற்றுக்கு ஒன்று வேண்டும். அந்த ஏழாவது குழியில் அவள் தங்கத் தகட்டைப் போட்டாள். அதை யாருக்கும் கொடுப்பதாக இல்லை. அது அவளுக்கு.

ஊற்றி முடித்துக் கையுறையைக் கழற்றும்போது குமிழி வந்தது. எலும்பு காயாவிட்டால் குமிழி வரும், மரம் காயாவிட்டால் வரும். சுட்டுக் காய்ந்த இரும்பில் எங்கிருந்து வரும்? அடியிலிருந்து ஒன்று, மெதுவாக, கறுப்பு ரெசினைத் தள்ளிக்கொண்டு மேலே வந்து உடைந்தது. பின்னாலேயே இன்னொன்று. இன்னொன்று. பிறகு ஒரு இடைவெளி. மறுபடி மூன்று. ஏழு குழியிலும் ஒரே நேரத்தில்.

அவள் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. அச்சைத் தூக்கிப் பானைக்குள் வைத்து, மூடியைத் திருகி, காற்றை ஏற்றினாள். எந்தக் குமிழியானாலும் அந்த அழுத்தத்தில் நசுங்கிவிடும். சாயங்காலம் தேநீர்க் கோப்பையோடு பட்டறைப் பக்கம் வந்தபோது, பானைக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. டக், டக், டக். பிறகு நிசப்தம். இரும்பு விரிந்து சுருங்குகிற சத்தம் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள். சொன்ன குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

ஏனென்றால் அந்தத் தாளம் அவளுக்குப் பழக்கம். தகட்டை வை, கையை எடு, விலகு. நாலாவதாக மெஷின் இறங்கும். இருபது வருஷம் அதே வேலை செய்தவனின் விரல்கள் வீட்டிலும் சும்மா இருக்காது. சாப்பாட்டுத் தட்டின் விளிம்பில், கதவு நிலையில், தூக்கம் வராத வேளையில் அவள் தோளில், மூன்று தட்டுத் தட்டிவிட்டு நிறுத்தும். நாலாவது எங்கே என்று அவள் சீண்டுவாள். நாலாவது மெஷினோட வேலை என்பான்.

இப்போது, மழை பெய்யும் வியாழக்கிழமை முற்பகலில், கட்டைகள் ஆறாமல் மேசைமேல் கிடந்தன. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். ஓரத்தை அறுத்து, நீளவாக்கில் துளைபோட்டு, பித்தளைக் குழாயை ஒட்டி, முதல் கட்டையை லேத்தில் ஏற்றினாள். உளி பட்டதும் ரெசின் காய்ந்த நூலாகச் சுருண்டு உதிர்வதுதான் வழக்கம். இது உதிரவில்லை. ஈரத் தோல் உரிவது போல நீள நீளமாக உரிந்து அவள் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டது. பிளாஸ்டிக் காந்துகிற வாடைக்குப் பதிலாக மெஷின் எண்ணெயும் வேர்வையும் கலந்த வாடை எழுந்தது. அவன் சட்டையின் வாடை. லேத்தை நிறுத்திவிட்டு அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள். அழுகை வந்தது, அழுகையோடு கோபமும். பன்னிரண்டு வருஷம் கழித்து ஒரு பிஸ்கட் டப்பாவிலா இவன் வீட்டுக்குத் திரும்பி வர வேண்டும்?

சாயங்காலத்துக்குள் ஏழையும் கடைந்துவிட்டாள். நீர் தொட்டு உப்புத்தாள் போட்டு, பசை போட்டு, கண்ணாடிப் பளபளப்பு வரும்வரை தேய்த்தாள். கறுப்புக்குள் பச்சைச் செதில்களும் பித்தளைத் தூளும் ஆழத்தில் மினுங்கின. பார்க்க அழகாகத்தான் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு விரல் ரேகை பட்டிருந்தது. தன் விரல்தான் பட்டுவிட்டது என்று துணியால் துடைத்தாள். போகவில்லை. மறுபடி துடைத்தாள். பேனாவை விளக்குக்கு நேராகப் பிடித்துச் சாய்த்துப் பார்த்தாள்.

ரேகை மேலே இல்லை. உள்ளே இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று ஒருவர் விரலை அழுத்தினால் தெரியுமே, அப்படி. சுழி சுழியாக ஒரு பெருவிரல். அதன் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு.

ஏழிலும்.

அன்று அவள் பட்டறையைப் பூட்டிச் சாவியைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படுத்தாள். எதற்காகப் பூட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. விடிந்ததும் பயத்தை உதறிவிட்டுப் பாகங்களைப் பொருத்த உட்கார்ந்தாள். முனையையும் மூடியையும் குழாயில் ஏற்றி அழுத்துவதற்கு ஒரு சின்ன கைப்பிரஸ் உண்டு. மேசை ஓரத்தில் திருகி வைத்த வார்ப்பிரும்பு, கையகலப் பீடம், மேலிருந்து இறங்கும் இரும்புத் தண்டு, அதை இறக்க ஒரு நீளக் கைப்பிடி. பிரஸ் என்ற பெயரில் ஒரு சாமானை வீட்டில் வைத்துக்கொள்ளவே அவளுக்கு ஒரு வருஷம் பிடித்தது. இன்று கைப்பிடியை இழுக்கும்போதெல்லாம் தண்டு இறங்குவதற்கு முன் மேசை லேசாக அதிர்ந்தது. மூன்று முறை. அவள் எண்ணாமல் இருக்கப் பார்த்தாள்.

பேனாக்களை வாங்கிக்கொள்ளக் கொழுந்தன் வந்தான். இப்போது அவன் சூப்பர்வைசர். இஸ்திரி போட்ட சட்டை, மழைக்காலத்திலும் பளபளக்கும் ஷூ. நாலு மணிக்கு விழா, அதற்குள் கொண்டுபோக வேண்டுமாம். இந்த வேலையை அண்ணிதான் செய்கிறாள் என்று அந்த அம்மாள் சொன்ன பிறகுதான் தெரியுமாம். மேனேஜரிடம் இன்னும் சொல்லவில்லையாம். அவள் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தே பேசினான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

அவள் பெட்டியிலிருந்து ஒரு பேனாவை எடுத்து நீட்டி, சோதனை நோட்டைத் திறந்து வைத்தாள். எழுதிப் பார்க்காமல் ஒரு பேனாவும் அந்தப் பட்டறையை விட்டுப் போனதில்லை. புதுப் பேனாவைக் கையில் கொடுத்தால் மனிதர்கள் எழுதுவது பெரும்பாலும் தங்கள் பெயரைத்தான். பதினொரு வருஷத்துப் பெயர்கள் அந்த நோட்டில் இருந்தன.

“நல்லாத்தான் இருக்கும் அண்ணி. நேரமாச்சு.”

“எழுதிப் பாரு.”

வாங்கினான். அவனுடைய பெருவிரல் சரியாக அந்த ரேகையின் மேல் உட்கார்ந்தது. சூட்டை உணர்ந்திருக்க வேண்டும், முகம் சுருங்கியது. தன் பெயரின் முதல் எழுத்தை எழுதினான். இரண்டாவது எழுத்துக்குப் பேனா போகவில்லை. முனை தாளிலிருந்து எழும்பியது. தட்டியது. டக், டக், டக்.

நின்றது.

மறுபடி மூன்று.

அவன் மணிக்கட்டை இடது கையால் பிடித்து இழுத்தான். விரல்கள் பிரியவில்லை. முகத்தில் ரத்தமே இல்லை. அண்ணனோடு ஒரே வீட்டில் வளர்ந்தவன், அந்தத் தாளம் அவனுக்கும் தெரியும்.

“கை கிடைச்சுதா?” என்று கேட்டாள்.

மழை பெய்துகொண்டே இருந்தது.

“கிடைச்சுது அண்ணி. பின்னாடி, கழிவுத் தட்டுல.”

“முழுசா?”

“முழுசா. மேனேஜர் மை டப்பாவ எடுத்துட்டு வரச் சொன்னாரு. வெறும் தாள்ல ரேகைய வாங்கிக்கிட்டோம். அப்புறமாத்தான் எழுதினது. நான் பிடிச்சுக்க மட்டும்தான் செஞ்சேன்.” அவன் குரல் சின்னப் பிள்ளை குரலாகிவிட்டிருந்தது. “அதுக்கப்புறம் அதை என்ன பண்றதுன்னு யாருக்கும் தெரியல.”

சல்லடையில் தங்கிய தகடு அவள் கண்ணுக்கு முன்னால் வந்தது. மூளை நாலு நாளாக அடக்கி வைத்திருந்த விடையை அவள் வாய் சொன்னது.

“திரும்ப மெஷின்ல வெச்சு நசுக்கினீங்க.”

அவன் தலையாட்டினான். “சூடா இருந்துச்சு அண்ணி. அப்பவும் சூடாவே இருந்துச்சு.”

விரல்கள் தளர்ந்தன. பேனா நோட்டின் மேல் விழுந்து உருண்டது. அவன் கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, என்றைக்கோ அழுதிருக்க வேண்டிய அழுகையை அங்கே நின்று அழுதான். அவளுக்கு இரக்கம் வரவில்லை. தேடிப் பார்த்தாள், ஒரு சொட்டுகூட இல்லை.

அந்தப் பேனாக்களை அப்போதே உடைத்திருக்கலாம். இவை நல்லதுக்கு வந்தவை அல்ல என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் கோபம் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. விழுந்த பேனாவை எடுத்து, துணியால் துடைத்து, மற்ற ஐந்தோடு பெட்டியில் வைத்து மூடி, அவன் கையில் திணித்தாள்.

“ஆறு இருக்கு. உன்னோடதும் சேர்த்து. கொண்டு போய்க் குடு.”

வேண்டாமென்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. ஏன் கொண்டுவரவில்லை என்று மேனேஜர் கேட்டால் என்ன சொல்வான்? பெட்டியை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனான்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு மேசை முன்னால் உட்கார்ந்தாள். மணி மூன்றானது. மூன்றரை. நாலு. இப்போது மேனேஜருக்கு மாலை போட்டிருப்பார்கள், அவருடைய நேர்மையைப் பற்றி ஒருவர் நீட்டி முழக்கிக்கொண்டிருப்பார். எழுந்து போய்த் தடுக்கலாமா என்று ஒரே ஒரு தடவை தோன்றியது. அந்த நீல ரேகை ஞாபகத்துக்கு வந்தது. உட்கார்ந்தே இருந்தாள்.

நாலு இருபதுக்குத் தொலைபேசி அடித்தது. அந்த அம்மாள்தான்.

“மேடம், பேனாவில பசை ஏதாவது ஒட்டிக்கிட்டிருக்கா? எழுதிப் பார்க்கலாம்னு எடுத்தாங்க. சூப்பர்வைசர் சார் வேண்டாம்னாரு, மேனேஜர்தான் அவர் கையில திணிச்சாரு. கையை விட்டு வரமாட்டேங்குது மேடம். ஆறு பேருக்கும்.”

குரலுக்குப் பின்னால் ஒரு பெரிய கூடம். நாற்காலிகள் நகரும் சத்தம். ஒருவர் தண்ணீர் கொண்டுவரச் சொல்கிறார். அதற்கெல்லாம் அடியில், மேசையில், ஆறு பேனாக்கள். ஒன்றுபோல.

டக். டக். டக்.

“மேடம்? கையை மேசையோட வெச்சு அழுத்தின மாதிரி...”

நாலாவது விழுந்தது.

அந்தச் சத்தத்தை அவள் அறிவாள். சாப்பாட்டுக் கேரியரோடு தொழிற்சாலை வாசலில் நிற்கும்போது சுவர் வழியாக வந்து உள்ளங்காலில் ஏறும் சத்தம் அது. அறுத்துத் துண்டுபோட்டு இரும்புக் கடைக்குப் போன மெஷினின் சத்தம். அதன்பின் கூடத்தில் ஒரு விநாடி யாருமே மூச்சு விடவில்லை. பிறகு அந்த அம்மாள் ஒரு சத்தம் எழுப்பத் தொடங்கினார். வார்த்தையாக இல்லாத ஒன்று. இணைப்பு அறுந்தது.

“நல்லா வேணும்,” என்றாள் அவள். சத்தமாகவே சொன்னாள். பன்னிரண்டு வருஷம் நெஞ்சில் கிடந்த கல் உருண்டு விழுந்தது போல இருந்தது. சிரிப்புக்கூட வந்தது.

மழை நின்றிருந்தது. கூரையில் சத்தம் இல்லை.

அதனால்தான் அது கேட்டது. தாளில் முனை உராயும் சத்தம். மிக அருகில்.

தொலைபேசி அவள் இடது கையில் இருந்தது.

வலது கை எழுதிக்கொண்டிருந்தது.

ஏழாவது பேனா. எப்போது எடுத்தாள்? சோதனை நோட்டின் பக்கம் முழுக்க அவள் கையெழுத்து. ஒன்றின் கீழ் ஒன்றாக, இருபது, முப்பது. அந்த நாளில் போட்ட அதே கையெழுத்து, களைத்துப்போய்ச் சரிந்த அதே எழுத்துகள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு வார்த்தை. மனைவி. மனைவி. மனைவி.

கையை உதறினாள். விரல் பிரியவில்லை. பெருவிரலுக்கு அடியில் இன்னொரு பெருவிரலின் சூடு. கறுப்புக்குள் தங்கம் மினுங்கியது.

“நான் உன் பக்கம்,” என்றாள். “நான் உன் பொண்டாட்டி. தெரியலையா?”

பேனா நின்றது. கேட்கிறது என்று நினைத்தாள்.

பிறகு, அவளைக் கேட்காமல், வலது கை மேசைமேல் நகர்ந்தது. மெதுவாக. நோட்டைத் தாண்டி. உப்புத்தாளைத் தாண்டி. அந்த அறிக்கையில் கையெழுத்து ஆறு அல்ல. ஏழு. அவளுக்கு அது எப்போதும் தெரியும். காலை ஊன்றிப் பின்னால் சாய்ந்து இழுத்தாள். நாற்காலி சரிந்து விழுந்தது. கை நிற்கவில்லை. மேசை ஓரம் வந்தது. கைப்பிரஸ்ஸின் பீடத்தில் ஏறிப் படுத்துக்கொண்டது, மணிக்கட்டு சரியாகத் தண்டுக்கு அடியில்.

அவள் தொலைபேசியைப் போட்டுவிட்டு இடது கையால் கைப்பிடியைப் பற்றினாள். மேலே தூக்கிப் பிடிக்க. இறங்கவிடாமல் பிடிக்க. உடம்பின் மொத்த பலத்தையும் அதில் வைத்தாள்.

பேனா பீடத்தைத் தட்டியது.

டக்.

டக்.

டக்.

அவள் உள்ளங்கைக்குள் இரும்புக் கைப்பிடி வெதுவெதுப்பானது. அது அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறவனைப் போல அவசரமில்லாமல், கீழே இறங்கத் தொடங்கியது.